கண்டி வீதியின் மறுபாதி
ரிவர்ஸ்டன் வரை பதினான்கு பெண்களின் பயணம்

கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அதன் வடக்குப் பாதியை நமது சகோதரிகளுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் பாதை திறந்தபோது வருடக்கணக்காகக் காணாத உறவுகளைத் தேடி ஓடியவர்கள், ஓமந்தையில் வரிசையில் நின்று பைகளைக் கொட்டிக் காட்டியவர்கள், 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டபோது அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ அகப்பட்டுக்கொண்டவர்கள், 2009 இல் பஸ்களில் ஏற்றப்பட்டுச் செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்று நம்மில் ஒவ்வொருவருக்கும் இந்த வீதியில் ஒரு கதை இருக்கிறது. சண்டை முடிந்த பிறகும் இதே வீதியால் தெற்கே போயிருக்கிறோம். மறியலில் இருக்கும் மகனைப் பார்க்க, கொழும்பு ஆஸ்பத்திரியில் கிளினிக் காட்ட, காணாமல் ஆக்கப்பட்டவரைப் பற்றி இன்னொரு ஆணைக்குழுவுக்கு இன்னொரு மனுக் கொடுக்க. பெரும்பாலும் இரவு பஸ். வவுனியாவைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொள்வது, விடியத் திறப்பது. இடையில் என்ன ஊர் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

அந்த இடைப்பட்ட ஊர்களைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவருவது என்று கிளிநொச்சிப் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றைச் சேர்ந்த பதினான்கு பேர் தீர்மானித்தார்கள். மாதம் மாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. ஒரு வான், இரண்டு பகல், ஓர் இரவு. போய்ச் சேரவேண்டிய இடம் மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ள ரிவர்ஸ்டன். அதைத் தெரிவு செய்தது, அங்கே எடுத்த படம் ஒன்றை மகளின் கைத்தொலைபேசியில் பார்த்த ஒரு அக்கா. பதினைந்தாவது ஆளாக இந்தக் கட்டுரையை எழுதுபவளும் ஏறிக்கொண்டாள்.

ஊரில் பேச்சு வராமல் இல்லை. புருசன் இல்லாததுகளுக்கு என்ன உல்லாசப் பயணம் என்று ஒரு வாய், பிள்ளைகளின் படிப்புக்கு இல்லாத காசு வானுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்னொரு வாய். சங்கத் தலைவி அதற்குச் சொன்ன பதிலை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன். "எத்தனை தரம் இடம்பெயர்ந்து போனம். அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை, ஏன் போறியள் எண்டு."

ராசாவும் வண்டிலும்

வவுனியாவிலிருந்து மதவாச்சி. அங்கே வலப்பக்கத்தால் மன்னார் வீதி வந்து ஏ-9 உடன் சேர்கிறது. அந்தச் சந்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாத்தளையில் தேவைப்படும். மிகிந்தலையைத் தூரத்திலேயே பார்த்தோம். படிகள் அதிகம், குழுவில் முழங்கால் நோவுக்காரர் நால்வர், காலில் குண்டுச் சிதறலுடன் இருப்பவர் ஒருவர். மிச்சமிருந்த காலை தம்புள்ளைக்கு வேண்டும்.

தம்புள்ளையில் வானை நிறுத்தியதும் ஒரு தயக்கம். 2012 ஏப்ரலில் இந்த நகரத்துப் பள்ளிவாசலைக் கூட்டமாக வந்து தாக்கிய செய்தியைப் பலரும் அறிந்திருந்தார்கள். பொட்டை அழிப்பதா, விடுவதா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். ஒரு காலத்தில் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் நாம் முதலில் செய்த வேலை அதுதான். கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு பதினைந்து பொட்டும் அப்படியே மலை ஏறின. மேலே தாமரைப் பூ விற்ற பெண்கள் பூவின் விலையைச் சொன்னார்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தம்புள்ளைக் குகை விகாரை 1991 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஐந்து குகைகள். கூரைப்பாறையின் மேடு பள்ளம் அப்படியே இருக்க, அதன்மேல் துணி விரித்தாற்போல ஓவியம். இரண்டாவது குகையில் பாறையிலிருந்து சொட்டும் நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்துகிறார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், மத்தியானம் போனால் பாறை காலைச் சுடும். ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.

இந்தக் குகைகளுக்குப் பின்னால் உள்ள கதை வலகம்பா என்று சொல்லப்படும் வட்டகாமணி அபயனின் கதை. கி.மு. முதலாம் நூற்றாண்டு. தமிழ்ப் படைத்தலைவர்கள் அனுராதபுரத்தைப் பிடித்ததும் அரசன் தப்பி ஓடினான், பதினான்கு வருடம் மறைந்து வாழ்ந்தான், அப்போது அடைக்கலம் தந்த குகைகளைப் பிறகு விகாரையாக்கினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. வழிகாட்டிகள் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். மகாவம்சம் இன்னொன்றும் சொல்கிறது. அரசன் வண்டிலில் ஓடியபோது உள்ளே அனுலாதேவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். இன்னொரு அரசியான சோமாதேவியும் இருந்தாள். பாரம் கூடி வண்டில் வேகமாக ஓடவில்லை. பாரம் குறையட்டும் என்று சோமாதேவி தன் சம்மதத்துடன் இறங்கிக்கொண்டாள். அரசன் தன் முடிமணியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். வந்த படைத்தலைவர்களில் ஒருவன் அவளைப் பிடித்துக்கொண்டு கடல் கடந்து போய்விட்டான். பதினான்கு வருடம் கழித்து ஆட்சி திரும்பக் கிடைத்ததும் அரசன் அவளை மீட்டுவந்து பழைய நிலையில் வைத்து, அவள் பெயரில் ஓர் ஆராமம் கட்டினான்.

படியில் இருந்து இளைப்பாறியபோது இந்தக் கதையைச் சொன்னேன். மாத்தளனிலிருந்து வெளியேறியபோது தன் மாமியாரை உழவு இயந்திரத்தில் ஏற்ற முடியாமல் விட்டுவந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இறங்கு எண்டு சொன்னவையோ, அவளாய் இறங்கினவளோ?" புத்தகத்தில் அவளாய் இறங்கினாள் என்றுதான் இருக்கிறது என்றேன். "எழுதினது ஆம்பிளையள்தானே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இடம்பெயர்ந்த கோயில்

தம்புள்ளைக்குத் தெற்கே நாவுலையைத் தாண்டியதும் நாலந்தை. இடப்பக்கம் சின்னப் பாதையால் சற்றுத் தூரம் போனால் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், யாரும் இல்லாத புல்வெளியில், கருங்கல்லால் ஒரு சிறிய கோயில். கெடிகே என்கிறார்கள். உல்லாசப் பயணிகளின் பஸ்கள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த வீதியிலுள்ள எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

பார்த்தவுடன் மாமல்லபுரம் நினைவுக்கு வரும். காலண்டரில் பார்த்திருப்பீர்களே, அதே பல்லவர் பாணி. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டியிருக்கலாம் என்கிறார்கள். வாசல், மண்டபம், கர்ப்பக்கிருகம் எல்லாம் நமது கோயில்களின் அமைப்பு. ஆனால் இது பௌத்தர்கள் வழிபட்ட இடம், புத்தர் சிலை இருக்கிறது. மேலே வளைவு மாடங்களுக்குள் முகங்கள், ஒரு பக்கத்தில் குபேரன் என்று கருதப்படும் உருவம், அடித்தளத்தில் தாந்திரீக வழிபாட்டோடு சேர்ந்த சிற்பங்கள். இது சைவமா, பௌத்தமா, கட்டியவர் தமிழரா, சிங்களவரா என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டடம் நல்ல தலையிடி. இரண்டும் ஒன்றாய் இருந்த ஒரு காலத்தைக் கல்லில் வைத்திருக்கிறது. இலங்கைத் தீவின் நடுமையம் இந்த இடம்தான் என்றும் சொல்வார்கள்.

இன்று இருக்கும் இடத்தில் இது கட்டப்படவில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விடயம். மகாவலித் திட்டத்தில் பழைய இடம் நீருக்குள் போகும் என்றானதும் 1970களின் நடுப்பகுதியில் கோயிலைக் கல் கல்லாகக் கழற்றினார்கள். பிறகு நீர்த்தேக்கத்தின் அணைக்கரையில், உயரமான இடத்தில், 1980 அளவில் திரும்ப அடுக்கினார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று கணக்கு வைக்காமல் இது நடந்திருக்காது. சில கற்கள் உடைந்தும் தேய்ந்தும் இருப்பதால் அங்கங்கே பொருத்தம் பிசகியிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

சாப்பாட்டுப் பொட்டலங்களை அங்கேதான் பிரித்தோம். புட்டும் சம்பலும், வாழையிலையில். ஒரு அம்மா கோயிலைச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னார், "மீள்குடியேற்றத்தில எங்களுக்கு இவ்வளவு கவனமாய்ச் செய்திருந்தால்." எல்லோரும் சிரித்துவிட்டோம். தகரமும் தறப்பாளும் வாங்க எத்தனை படிவம் நிரப்பினோம் என்ற கதை அதன்பின் அரைமணி நேரம் ஓடியது.

நாலந்தையிலிருந்து மாத்தளை நோக்கிப் போகும்போது இரண்டு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, கறுவா, சாதிக்காய், வனிலா எல்லாம் காட்டி இலவசமாகச் சுற்றிக் காண்பிப்பார்கள். சுற்றி முடிந்ததும் எண்ணெய்ப் போத்தல்களுடன் ஒரு மேசை வரும். பார்ப்பதற்கு உள்ளே போகலாம். வாங்குவதானால் மாத்தளைச் சந்தையில் மிளகும் ஏலமும் நிறுத்து வாங்குவதே நல்லது.

ஏடு

மாத்தளை நகருக்குச் சுமார் மூன்று கிலோமீற்றர் முன்னால், வீதியோரத்திலேயே, பெரிய பாறைகளுக்கு நடுவில் அலுவிகாரை. புத்தருடைய போதனைகளான திரிபிடகம் முதன்முதலில் எழுத்தில் வந்தது இங்கே என்பது மரபு. அதுவும் வலகம்பா காலந்தான்.

அதுவரை எல்லாம் வாய்ப்பாடம். ஒரு பகுதியை ஒரு கூட்டம் துறவிகள், இன்னொரு பகுதியை இன்னொரு கூட்டம் என்று மனப்பாடம் செய்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். பிறகு யுத்தம் வந்தது, அதோடு பன்னிரண்டு வருடம் நீடித்ததாகச் சொல்லப்படும் பஞ்சமும் வந்தது. மனப்பாடமாய் வைத்திருந்தவர்கள் பட்டினியில் செத்தார்கள், சிலர் கடல் கடந்து போனார்கள். ஒருவர் இறந்தால் அவரோடு ஒரு பகுதியும் போய்விடும் என்ற நிலை வந்தபோதுதான் ஏட்டில் எழுதத் தொடங்கினார்கள். ஐந்நூறு துறவிகள் கூடி எழுதினார்கள் என்று சொல்லப்படுகிறது.

எழுதியதும் பாதுகாப்பு என்று இல்லை. 1848 இல் வெள்ளையர்களின் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு அந்த வருடம் ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கலவரத்தில் அலுவிகாரையின் ஏட்டுச் சேகரிப்பும் அழிந்தது. இதைக் கேட்டதும் நமக்கு வேறு எந்தத் தீ ஞாபகத்துக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. 1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் போயின.

அலுவிகாரையில் இன்றும் ஏடு எழுதிக் காட்டுகிறார்கள். தாளிப்பனை ஓலையை அவித்து, காயவைத்து, மழமழப்பாக்கி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் கீறின இடத்தில் மட்டும் கறுப்பு நின்று எழுத்துத் தெரியும். கீறும்போது ஒன்றும் தெரியாது, துடைத்த பிறகுதான் வாசிக்கலாம். பனையோலையோடு பிறந்து வளர்ந்த நமது பெண்களுக்கு இதில் கைப்பழக்கம் தவிர வேறு புதுமை இல்லை. பெட்டி பின்னுகிற ஒரு அக்கா ஓலையை வாங்கித் தடவிப் பார்த்து, நமது பனையோலையை விட இது அகலம், நார் மெது என்றார். காட்டிக்கொண்டிருந்த ஐயாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். பெயரைச் சொன்னால் ஓலையில் எழுதித் தருவேன் என்றார். பதினான்கு பேரில் ஒன்பது பேர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. மகன், கணவன், தங்கச்சி என்று வேறு பெயர்களைச் சொன்னார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

மாத்தளை

இப்போது மதவாச்சிச் சந்திக்குத் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். நாம் காலையிலிருந்து வானில் வந்த அதே வழி. கொலராவாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழிநெடுகச் செத்தார்கள். விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்து நடந்த பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் அங்கிருந்து மற்ற மலைகளுக்குப் பிரிக்கப்பட்டார்கள். புகையிரதம் மாத்தளைக்கு வந்தது 1880 இல். தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடியது 1914 இல்.

தம்புள்ளையில் அரசன் ஒளிந்த குகைக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. இந்த மக்கள் நடந்து செத்த பாதைக்கு நாம் வந்த வழியில் ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. ஆனால் 2023 இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு என்பதை முன்னிட்டு, ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடையும்வரை ஒரு கூட்டம் இந்தப் பாதையைத் திரும்ப நடந்தது. அதில் பெண்களும் நடந்தார்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் அந்த மக்களோடு வந்த தெய்வம். இப்போதைய கோயிலின் தொடக்கம் 1874. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் கைகொடுத்துக் கட்டியது. 108 அடி இராசகோபுரம் பிரதான வீதியிலிருந்தே தெரியும். மாசிமகத்துக்கு ஐந்து தேர்கள் நகரைச் சுற்றும். 1983 ஜூலையில் கோயிலும் எரிந்தது, பழைய தேர்களும் எரிந்தன. இன்று ஓடுவது பிறகு செய்த தேர்கள்.

நம்முடன் வந்த பாரதிபுரத்து அம்மாவுக்கு இந்தக் கோயிலைப் பற்றித் தாய் சொல்லித் தெரியும். தாய் பிறந்தது ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வன்னிக்கு வந்தது. கிளிநொச்சியின் குடியேற்றங்களில் இப்படி வந்தவர்கள் நிறையப்பேர். மலையில் அடி வாங்கி, பாதுகாப்பு என்று நம்பி வடக்கே வந்து, அங்கே சண்டைக்குள் அகப்பட்டவர்கள். நிவாரணம், காணி உறுதி என்று வரும்போதெல்லாம் 'தோட்டக்காட்டார்' என்று நம்மவர்களே அவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தியதையும் இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. அந்த அம்மா சந்நிதியில் நெடுநேரம் நின்றார். வெளியில் வந்து, "அம்மா சொன்ன மணிச்சத்தம் இதுதான் போல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாத்தளையில் இன்னொரு இடத்தையும் கடந்து போனோம், இறங்கவில்லை. 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். 1980களின் கடைசியில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் அங்கே படங்களுடன் வந்தார்கள். எலும்புகள் அந்தக் காலத்தவையா, அதற்கு முந்தியவையா என்று பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லின. இன்றுவரை அந்தத் தாய்மாருக்குத் தெளிவான பதில் இல்லை. ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டும்வரை வானுக்குள் யாரும் கதைக்கவில்லை. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் படத்துடன் இருக்கும் அக்கா மட்டும், "அவையளும் எங்களை மாதிரித்தானே போயிருப்பினம், கச்சேரிக்கும் கோட்டுக்கும்" என்றார்.

மலைக்கு

இரவு தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பாய் விரித்துப் படுத்து, விடிய ஆறு மணிக்கு ரிவர்ஸ்டனுக்குப் புறப்பட்டோம். மாத்தளையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் ரத்தோட்டையைத் தாண்டினால் பாதை ஒடுங்கிவிடும், கொண்டைஊசி வளைவுகள். மலைப்பாதை பழகிய சாரதி வேண்டும். நமது தம்பி பரந்தனில் நேர்வீதி ஓடிப் பழகியவர், ஒவ்வொரு வளைவுக்கும் கோன் அடித்து வேலும் மயிலும் என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நிறுத்தினோம். பாரதிபுரத்து அம்மா தாய் சொன்ன தோட்டத்துப் பெயரை விசாரித்தார். தோட்டங்களுக்குக் கடதாசியில் ஒரு பெயர், நம் மக்கள் வாயில் ஒரு பெயர். அவருக்கு வாய்ப்பெயர் மட்டுந்தான் தெரியும். லயத்து வாசலில் நின்ற ஒரு பாட்டி, அந்தப் பெயரில் ஒரு கணக்கு முன்பு இருந்ததாகவும் அது எப்போதோ துண்டாடப்பட்டுக் காடும் ஏலமுமாய்ப் போய்விட்டதாகவும் சொன்னார். எங்கள் 'வாங்கோ, இருங்கோ' அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சிரிப்பு. ஒரே தமிழ், ஆனால் இரண்டு பக்கமும் அரைநிமிடம் யோசித்துத்தான் விளங்கிக்கொண்டோம். சாயத்தண்ணி தந்தார்கள், மலைப்பக்கத்தில் பிளேன்ரீக்கு அதுதான் பெயர்.

நக்கிள்ஸ் என்பது வெள்ளைக்காரர் வைத்த பெயர். முட்டி மடித்த கைவிரல் மொழிகள்போல உச்சிகள் தெரிவதால். சிங்களத்தில் தும்பற. இந்த மலைக்காடு 2010 இல், ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து, உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான் இனங்களும் தவளை இனமும் இங்கே இருக்கின்றன. காட்டுக்குள் மரநிழலில் ஏலக்காய் பயிரிட்டு வந்தார்கள், காட்டைக் காக்க அது பின்னர் தடைசெய்யப்பட்டது.

ரிவர்ஸ்டனில் மலையை வெட்டி இரண்டாக்கினாற்போல ஒரு கணவாய். அங்கே வானை விட்டு இறங்கிய உடனேயே காற்றுப் பிடித்துக்கொள்ளும். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்தாலும் நிற்காது. அருகில் நிற்பவரிடம் சத்தமிட்டுத்தான் கதைக்கவேண்டும். காற்றின் வேகத்துக்கு மரங்கள்கூட உயரமாக வளராமல் குட்டையாய், முறுக்கேறி நிற்கின்றன. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம், அதுவரை நடந்து ஏறலாம். ஒரு நிமிடம் முகில் வந்து பக்கத்தில் நிற்பவரை மறைக்கும், அடுத்த நிமிடம் விலகி அடிவாரம் முழுவதும் தெரியும். கணவாய்க்கு மேற்கே ஈரம், பாசி, அட்டை. கிழக்கே இறங்கினால் சில வளைவுகளுக்குள்ளேயே வெயில், காய்ந்த புல். ஒரு மலை மழையை மறிப்பதென்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

அந்தக் காற்றுக்குள் நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சங்கத் தலைவிதான் முதலில் கத்தினார். என்ன சொல்லிக் கத்தினார் என்று யாருக்கும் கேட்கவில்லை, காற்று கொண்டுபோய்விட்டது. பிறகு எல்லோரும் கத்தினார்கள். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் பெயர் சொல்லி, ஒருவர் வாய்விட்டு அழுதபடி. முகாமில் தகரத் தடுப்புக்கு அப்பால் ஆள் இருக்கும், வீட்டில் பிள்ளைகள் பயப்படுவார்கள், அயலில் கதை வரும். இத்தனை வருடத்தில் சத்தமாய் அழ ஓர் இடம் கிடைக்கவில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

கிழக்கே இறங்கினால் பிட்டவல பத்தன. பாறைமேல் மெல்லிய மண்ணில் வளர்ந்த புல்வெளி, அதன் முடிவில் திடீரென்று செங்குத்துப் பள்ளம். சின்ன உலக முடிவு என்கிறார்கள். வனத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எடுக்கவேண்டும். விளிம்பில் வேலி கிடையாது, பிள்ளைகளோடு போகிறவர்கள் கையை விடக்கூடாது.

அதற்கும் கீழே இலுக்கும்புரப் பக்கம் வீதியோரத்தில் அவித்த சோளம் விற்ற ஒரு சிங்களப் பெண்ணிடம் நின்றோம். நம்மில் ஒரு தங்கச்சி ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்து சிங்களம் பழகியவர், அவர்தான் கதைத்தார். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கல பல்லேகமப் பழைய நகரமும் வயல்களும் நீருக்குள் போக, 2018 அளவில் மக்கள் புதிய நகரத்துக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பெண்ணின் தாய்வீடும் அதில் ஒன்று. நட்டஈடு கிடைத்ததா, உறுதி யார் பெயரில், கணவன் பெயரிலா உங்கள் பெயரிலா என்று நம்மவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். இவ்வளவு விபரமாய்க் கேட்கிறார்களே, இவர்கள் காணிக் கந்தோரில் இருந்து வந்தவர்களா என்று அவர் அந்தத் தங்கச்சியிடம் விசாரித்தாராம். பதினைந்து சோளத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பதினாறாவதைச் சாரதித் தம்பிக்குச் சும்மா கொடுத்தார்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில விபரங்கள். மாசி முதல் சித்திரை வரை போனால் பாதை காய்ந்திருக்கும், மாசிமகத் தேரையும் பார்க்கலாம். ஐப்பசி முதல் தை வரை கடும் மழை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆகவே எந்த மாதமானாலும் புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரியுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், குளிருக்குச் சால்வை, எல்லோருக்கும் அடையாள அட்டை. வான் கிடைக்காவிட்டால் மாத்தளையிலிருந்து பல்லேகம போகும் பஸ் இந்த வழியால்தான் போகிறது. சேலையைவிடச் சுரிதார் வசதி. தலைப்பை நம்பி மேலே ஏறவேண்டாம்.